உப்பில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'ஸாஸி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலூர் மிஷன் பள்ளி விடுதியில், எதிர்த்துப் பேசும் பெண்களைத் துரைசானி அப்படித்தான் திட்டுவாள். வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று பொருள். ஆண்கள் வாய்க்குப் போனால் அதுவே வேறாகிவிடும்; பெண்ணைப் பார்த்துச் சப்புக்கொட்டுகிற சொல் அது. 'சாஸ்' என்ற குழம்பிலிருந்து வந்ததாம். அந்தச் சாஸும் உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். எங்கள் ஆங்கில ஆசிரியை பெருமையாகச் சொன்னாள். அவர்களுக்கு உப்பு என்றால் ருசி. ஆம்பூர் தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புத் தேய்த்த என் அப்பாவுக்கு அது விரலிடுக்கில் ஆறாத புண்.

விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். தோல் வாங்க வந்த துரை என்னை மேலும் கீழும் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். ஆட்டுத்தோலைத் தடவித் தரம் பிரித்துக்கொண்டிருந்த குமாஸ்தா இளித்தான். அவனுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

"தொர உன் பொண்ண மெச்சிக்கிறாருடா. சலாம் போடு."

அப்பா உப்புக் கையோடு சலாம் போட்டார். துரையைக்கூட ஒருவேளை மன்னிப்பேன். அந்தக் குமாஸ்தாவை மாட்டேன்.

வீட்டில் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது மெச்சிக்கிற வார்த்த இல்ல நைனா. கெட்ட எண்ணத்துல சொல்றது."

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "வேல போய்ட்டா இன்னா பண்றது?" என்று மட்டும் கேட்டார். அவர்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாளும் வேண்டுமென்றே நானே சோறு கொண்டுபோனேன். "வந்துட்டாடா ஸாஸி!" என்றான் குமாஸ்தா. ஆட்கள் அர்த்தம் தெரியாமல் சிரித்தார்கள். அப்பா உப்புக் கூடையைக் கீழே வைத்தார். குரலில் பணிவு குறையவில்லை.

"ஐயா, உங்க வூட்லயும் வயசுப் பொண்ணு கீதே. அதையும் இட்டுனு வாங்க. தொர அதே வார்த்தையால மெச்சிக்கட்டும்."

"வாய மூட்றா நாயே!" என்று அவன் கையை ஓங்கினான்.

அந்தச் சொல்லின் பொருள் மண்டி முழுவதற்கும் அப்போதுதான் விளங்கியது. அப்பாவுக்கு அன்றோடு வேலை போயிற்று. நாங்கள் வாசலைத் தாண்டும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.