ஒரு மரக்கால் மக்காச்சோளம்

வின்னிக்கு ஹார்லோ பல்கலைக்கழகத்தின் மேல் ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. மலையைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? அது முந்நூறு வருஷமாக ஊர் நடுவில் உட்கார்ந்துகொண்டு நீதிபதிகளையும் மந்திரிகளையும் பெற்றுத் தள்ளுகிறது. அவ்வப்போது ஒரு தெருவை விழுங்கிக்கொள்கிறது. அங்கே படித்தவனுக்கு உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும். அந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு அதன் சமையற்கட்டுக் கதவு திறக்கும். வின்னி அந்தக் கதவு வழியாகப் போய், மாணவர்களுக்குக் காலையில் முட்டை பொரித்துப் போட்டே தலை நரைத்தவள். அவள் பொறாமையெல்லாம் சோளக்கூடை தூக்குகிறவர்கள் மேல்தான்.

தொடங்கிய முதல் குளிர்காலத்திலேயே அந்தப் பல்கலைக்கழகம் செத்திருக்க வேண்டியது. ஆசிரியரும் மாணவரும் பட்டினி கிடந்தபோது, ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு மரக்கால் மக்காச்சோளம் கொண்டுபோய் வாசலில் கொட்டினார்கள். அந்த நன்றிக்குத்தான் இன்றைக்கும் பட்டமளிப்பு நாளில் ஊரிலிருந்து ஒருவர் கூடையோடு வந்து இரும்புக் கதவைத் தட்டுகிறார். "ஊர் என்ன கொண்டு வந்திருக்கிறது?" என்று பல்கலைக்கழகத் தலைவர் கேட்பார். "எங்களால் ஆனதை" என்று பதில் சொல்ல வேண்டும். கதவு திறக்கும். கூடைக்காரர் முன்னால் நடப்பார். தலைவரும் பேராசிரியர்களும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். முட்டை பொரிக்கிறவளுக்குப் பின்னால்! அதை நினைத்தாலே வின்னிக்கு முதுகு நிமிரும்.

கூடை தூக்குவது யார் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். வசந்தம் வந்ததும் ஊர் மண்டபத்தில் ஒரு பழைய முக்கோணத் தொப்பி வைப்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து வின்னி அதில் சீட்டுப் போடுகிறாள். புருஷன் செத்துப்போன வருஷம்கூடப் போட்டாள். அடுப்புக்கு முன்னால் நின்று "எங்களால் ஆனதை" என்று தணிந்த குரலிலும் கம்பீரமான குரலிலும் சொல்லிப் பார்ப்பாள். தொப்பிக்கு அவள் மேல் என்ன கோபமோ, பெயர் வரவே இல்லை.

பக்கத்து வீட்டு டாட்டி பெல்லட்டியருக்கு முதல் சீட்டிலேயே வந்துவிட்டது. டாட்டி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இரைச்சல்காரி. பட்டமளிப்பு நாளில் தன் புல்வெளியில் வெளியூர்க்காரர்களின் கார்களை நிறுத்தவிட்டுக் காசு பார்ப்பாளே தவிர, அந்த வாசல் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. "தனியாப் போக வெக்கமா இருக்கு, நீயும் ஒரு சீட்டுப் போடேன்" என்று அவளை மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனதே வின்னிதான்.

"ஏ வின்னி! என் பேருடி! தொப்பிக்குள்ள கையை விட்டு என் பேரைத் தூக்கிட்டாங்க!"

"ஓ."

"என்னடி ஓ? கூடை ரொம்பக் கனமா? அன்னிக்கு கார் காசை யார் வாங்குறதுன்னுதான் யோசனையா இருக்கு."

வின்னிக்கு வயிறு பற்றி எரிந்தது. குரங்கு கையில் பூமாலை என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பனியில் வழுக்கி அவள் இடுப்பை ஒடித்துக்கொண்ட குளிர்காலம் முழுக்க, தினமும் சாயங்காலம் வேலியைச் சுற்றி வந்து சூடாக பீன்ஸும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனது இதே டாட்டிதான். அதெல்லாம் அந்த நிமிஷம் எங்கே ஞாபகம் வருகிறது?

"அங்க ஏதோ பதில் சொல்லணுமாமே, அது என்னடி? நீதான் தூக்கத்துலகூடச் சொல்லுவியே."

ஹார்லோவில் இதற்கு ஒத்திகை கிடையாது. ஊர்க்காரருக்குத் தெரியாததா என்று அவர்களுக்கு ஒரு பெருமை. வின்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைத் துடைத்தாள். தலைவர் முகம் கறுத்துப்போகிற மாதிரி, டாட்டி ஊர் சிரிக்க நிற்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும். அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"'சாப்பிடுங்க. யார் போட்டதுன்னு மறந்துடாதீங்க.' அவ்வளவுதான்."

"அடேங்கப்பா! அந்தப் பெரிய மனுஷங்ககிட்டயா?"

"முந்நூறு வருஷமா இதான்."

பட்டமளிப்பு நாளன்று டாட்டி, கடைசி இருக்கைப் பிள்ளைகளை அதட்டுகிற அதே பஸ் குரலில் அதைச் சொன்னாள். தலைவர் திகைத்தார். இதோ சிரிக்கப்போகிறார்கள் என்று வின்னி வாசலோர வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தார்கள்தான். ஆனால் முதலில் சமையற்கட்டு ஆட்கள் கை தட்டினார்கள், பிறகு ஊர், பிறகு அங்கி போட்ட அத்தனை பேரும். தலைவர் தொப்பியைக் கழற்றி டாட்டிக்குத் தலை வணங்கினார்.

"பழசு வேறயாமே? எல்லாரும் நான் மாத்திட்டேங்கறாங்க" என்றாள் டாட்டி, அன்று சாயங்காலம்.

"அப்படியா?" என்றாள் வின்னி.

டாட்டி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி விடு. பீன்ஸ் வச்சிருக்கேன், வா."

வின்னி போனாள், சாப்பிட்டாள்.

ஹார்லோவில் ஒன்று இரண்டு தடவை நடந்தால் அது மரபு. மூன்றாவது தடவை அதற்குப் பித்தளைப் பலகை வந்துவிடும். அடுத்த வருஷம் கூடை தூக்கிய தபால்காரரும் டாட்டியின் பதிலையே சொன்னார். அதற்கடுத்த வருஷம் வாசல் தூணில் டாட்டியின் பெயரோடு பலகை பதித்தார்கள். பட்டம் வாங்கிப் போனவர்கள் தங்கள் ஊர்களில் மேடையேறி, சோறு போட்டவர்களை மறக்கக்கூடாது என்று டாட்டியை மேற்கோள் காட்டினார்கள். வேலைக்குப் போகும்போதெல்லாம் வின்னி அந்தத் தூணைத் தாண்டித்தான் போக வேண்டும். தன் வயிற்றெரிச்சலில் பிறந்த பிள்ளை இன்னொருத்தி பெயரில் வளர்வதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருக்கும். எப்படிக் கத்துவது? அது என்னுடையது என்றால், எதற்காகச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்பார்களே.

ஓய்வு பெறப்போகிற வருஷத்தில்தான் தொப்பி மனமிரங்கியது. வின்னியின் பெயர் வந்தது. அவளுக்கு முடி சுருட்டிவிட்டு, நல்ல உடுப்பைத் தேய்த்துக் கொடுத்தது டாட்டி.

பழைய பதிலைத்தான் சொல்லப்போகிறேன் என்று வின்னி முடிவு செய்திருந்தாள். டாட்டியின் பலகை டாட்டியோடு இருக்கட்டும். கதவைத் தட்டினாள். தலைவர் கேட்டார். வாயைத் திறந்தபோது வேலியோரத்தில் டாட்டி நிற்பது தெரிந்தது. கார்களை விட்டுவிட்டு வந்திருந்தாள், கையில் கைக்குட்டை.

"சாப்பிடுங்க" என்றாள் வின்னி. எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "யார் போட்டதுன்னு…" அதற்குமேல் குரல் வரவில்லை. டாட்டியையே பார்த்துக்கொண்டு மீதியை உதட்டால் மட்டும் சொன்னாள். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது. "டாட்டி சொன்ன மாதிரி வரலியே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

எல்லாம் முடிந்து வெறுங்கூடையோடு வெளியே வந்தபோது டாட்டி வந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"குரலைத் தூக்கிச் சொல்ல வேண்டாமாடி? சொல்லிக்கொடுத்தவளுக்கே வரலைன்னா எப்படி?"