கோடைதோறும் செத்துப்போன காடு

காட்டு ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், ஏசி இரைகிற மூலை அறையில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் 'சம்பளக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நூற்பாலையில் பல வருஷம் சம்பளக் கணக்குக்கு மென்பொருள் எழுதியவர். ஆலை மூடியதும், நாற்பது தாண்டிய வயதில், இங்கே வந்து சேர்ந்தார். "சம்பளம்னா என்ன, கார்பன்னா என்ன? உள்ள வர்றது, வெளிய போறது, அவ்வளவுதானே?" என்று நேர்காணலில் கேட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

மழை சில மாதமே பெய்கிற வறண்ட காட்டின் நடுவே நிலையத்தின் கோபுரம் ஒன்று நின்றது. மரங்கள் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கின்றன, எவ்வளவு விடுகின்றன, விழுகிற வெயிலில் எவ்வளவு பங்கு தண்ணீரை ஆவியாக்குகிறது, எவ்வளவு பங்கு காற்றைச் சூடாக்குகிறது என்று அதன் உச்சியிலிருந்த கருவிகள் அளந்தன. வெயில், மழை, மண் விவரத்தை மட்டும் கொடுத்தால் அதே எண்களைக் கணினியும் சொல்ல வேண்டும். அப்படியொரு கணினி மாதிரியை எழுதுவதுதான் அவர் வேலை. கோபுரமே இல்லாத காடுகளுக்கும் அப்போதுதான் கணக்குப் போட முடியும்.

மழைக்காலத்தில் மாதிரி கோபுரத்தோடு கைகோத்து நடந்தது. கோடை வந்ததும் காலை வாரியது. கணினிக்குள் மண் காய்ந்து, மரமெல்லாம் பட்டுப்போய், விழுந்த வெயில் மொத்தமும் காற்றைச் சுடவைத்தது. நிஜக் காடோ இலையை உதிர்த்துவிட்டுக் கமுக்கமாக நின்றது. மழைக்கு முன்பே தளிரும் விட்டது.

"என்னம்மா, உன் காடு இன்னிக்கு இருக்கா, போயிடுச்சா?" என்று சாப்பாட்டு மேஜையில் மகள் கேட்பாள்.

"காலைலயே போச்சு. நாளைக்குத் திரும்ப நட்டுப்பாங்க" என்பார் கணவர்.

துறைத்தலைவர் சம்பளக்காவைவிட இளையவர். "அக்கா, ஆவியாகற வேகத்தக் கொஞ்சம் குறைச்சு விடுங்க. கோபுரக் கோடும் நம்ம கோடும் ஒட்டிக்கும்" என்றார்.

"ஒட்டும் சார். வேற காட்டுக்குக் கொண்டு போனா பல்லை இளிச்சிடும். இதுங்க எங்கிருந்தோ தண்ணி குடிக்குதுங்க. மாதிரில நாமதான் வேரை ஒன்றரை மீட்டர்ல வெட்டி வெச்சிருக்கோம்."

"குழி தோண்டிப் பாக்க அனுமதி கிடைக்காதுக்கா."

ஒரு காலை, அவர் வேலைக்கு வந்த பேருந்து காட்டோரச் சாலையில் ஊர்ந்தது. சாலையை அகலப்படுத்த மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தவர், "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறி நடத்துநர் விசில் ஊதினார்.

சம்பளக்கா இறங்கி மேட்டுக்கு ஓடினார். வெட்டிய இடத்தில் மண் முடிந்து பாறை தொடங்கியது. வேர்கள் முடியவில்லை. பாறை வெடிப்புகளில் புகுந்து கயிறு கயிறாகக் கீழே இறங்கியிருந்தன. ஒரு வெடிப்புக்குள் விரலை விட்டார். சில்லென்று ஈரம்.

"யாரும்மா அது? மண்ணு சரியும், தள்ளி வாங்க!" சாலைப் பொறியாளர் ஓடிவந்தார்.

"வேர் பாக்கறேன் தம்பி. டேப் இருக்கா?"

"வேர் பாக்கவா பஸ்ஸ நிறுத்துனீங்க?" தலையில் அடித்துக்கொண்டாலும் டேப்பைக் கொடுத்தார், தன் ஹெல்மெட்டையும் கழற்றிக் கொடுத்தார். ஆறு மீட்டருக்கும் கீழே போயிருந்தன வேர்கள்.

சம்பளக்கா போனில் எடுத்து வந்த படங்களைத் துறைத்தலைவர் பார்த்தார். "இது ரோட்டோர மரம். கோபுரத்துப் பக்கமும் இப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். "நம்ப வேணாம் சார், சோதிச்சுப் பாருங்க. கடைசி மூணு வருஷக் கோபுர அளவை எங்கிட்ட காட்டாதீங்க. மாதிரி சொல்லட்டும், அப்புறம் ஒத்துப் பாப்போம்."

பாறைக்குள் ஈரம் தங்கும் ஓர் அடுக்கைச் சேர்த்து, வேர்களை அதுவரை இறக்கினார். ஒத்துப் பார்த்த அன்று எல்லாரும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்க, அவர் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார். கார்பனுக்கும் சரி, வெப்பத்துக்கும் சரி, கோடுகள் மூன்று கோடையையும் ஒட்டியே கடந்தன. காடு சாகவில்லை.

"தளிர் மட்டும் லேட்டா வருதே" என்றார் துறைத்தலைவர்.

"ஆமா, லேட்டுதான். ஏன்னு எனக்கு இன்னும் புரியல. அதையும் அறிக்கைல எழுதிடலாம்."

துறைத்தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரமே குழி தோண்டத் தானே அலைந்து அனுமதி வாங்கினார்.

கோபுரத்தருகே இரண்டு குழிகள் தோண்டினார்கள். ஒன்றில் வேர் பாறைக்குள் போயிருந்தது. மற்றதில் பாறை வெடிப்பே இல்லாமல் இறுகிக் கிடக்க, வேரும் மேலேயே படர்ந்திருந்தது. சம்பளக்கா முகம் சுளிக்கவில்லை. பாறைக்குத் தக்கபடி வேரின் ஆழம் மாறட்டும் என்று மாதிரியைத் திருத்தினார். கோபுரமில்லாத இரண்டு காடுகளுக்கு இப்போது அதைத்தான் ஓட்டுகிறார்கள். புதிதாக யார் எந்தக் காட்டைப் பற்றிப் பேச வந்தாலும், மரத்தைப் பற்றி வாய் திறப்பதற்குள் அவர் கேட்டுவிடுகிறார்: "கீழ என்ன பாறை?"