பீன்ஸ் காட்டில் விட்ட வழி

கித்தேரியம்மாள் கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஆள் வந்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். நாலு பேர் கூடினால் கடைசியில் நிற்பாள். ஆனால் மலையில் பள்ளங்கி ஊருக்குக் கீழே ஓர் ஓடையோரம் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

முன்பெல்லாம் ஓடை பெருகினால் இரண்டு கரையிலும் அகலமாகப் பரவி, மறுநாளே வடிந்துவிடும். எதிர்க்கரையை வாங்கியவன் பாதி ஓடையை மண் போட்டு நிரப்பிக் காட்டேஜ் கட்டினான். அதைக் காப்பாற்ற உயரமாகச் சுவரும் எழுப்பினான். போன ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி இந்தப் பக்கம் திரும்பியது. கொழுந்தன் செபாஸ்டினின் மாட்டுக்கொட்டகை மாட்டோடு போனது.

இந்தக் கரையிலும் சுவர் கட்டுவோம் என்றான் செபாஸ்டின். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் கடப்பாரையோடு இறங்க வேண்டும் என்று பேச்சாயிற்று. கல்லுக்கு எங்கே போவது? ஓடைக்குள்ளேயே பாறாங்கற்கள் கிடந்தன. அவற்றைப் பெயர்க்கத் தொடங்கினார்கள்.

தண்ணீரின் வேகத்தை முறிப்பதே அந்தக் கற்கள்தான். அவற்றை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் சுவரை வைத்தால், வெள்ளம் நேராகக் கீழே வளைவுக்குத்தான் பாயும். வளைவுக்குச் சற்று மேலே கரையோரம் கித்தேரியம்மாளின் பீன்ஸ் காடு; வளைவில் இருப்பது அவள் மகள் பெர்லினின் வீடு. கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

தன் வீட்டு ஆளாக வந்து மண் சுமந்துகொண்டிருந்த கித்தேரியம்மாள் கூடையைக் கீழே போட்டாள்.

"ஏலே செபாஸ்டினு, கல்ல எடுக்காத."

"அடடே, மதினிக்கு வாயி இருக்கா!" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"கீழ பெர்லின் வீடு கெடக்குல?"

"அதுக்கு நான் என்ன செய்ய? மொதல்ல நம்ம வீடு பொழைக்கட்டும்."

"எதிர்க்கரைக்காரனும் அதத்தானடா சொன்னான்! அவன ஊரு பூராவும் வைஞ்சீகளே, இப்ப நீங்க செய்யிறது என்ன?"

சிரிப்பு நின்றது. ஆனாலும் கடப்பாரை நிற்கவில்லை. அவள் போய் மிச்சமிருந்த பெரிய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு மதினி, சோலி கெடக்கு."

"மாட்டேன். என் காட்டுப் பக்கமும் செவுரு வைக்காத. தண்ணி அது வழியாப் பரவிப் போகட்டும்."

"ஒன் பீன்ஸு பூராவும் போயிரும்."

"போகட்டும்!"

பொழுது சாயும்வரை அவள் இறங்கவில்லை. அவர்கள் செபாஸ்டின் வீட்டை மறைத்துச் சுவர் கட்டி, அவள் காட்டெல்லையில் நிறுத்திக்கொண்டார்கள்.

கார்த்திகையில் மழை கொட்டியது. வெள்ளம் பீன்ஸ் காட்டுக்குள் புகுந்து பரவி, வேகம் குறைந்து கீழே போனது. விடிந்ததும் பெர்லின் போன் பண்ணினாள். "வாசப்படி நனைஞ்சிச்சும்மா. உள்ள வரல."

காய்க்கிற பருவத்தில் இருந்த கொடிகள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. கித்தேரியம்மாள் கொடிக்கம்புகளைக் கடப்பாரையால் நெம்பி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நனையாத வீட்டிலிருந்து வந்தான் செபாஸ்டின்.

"நான் அப்பவே சொன்னேன்ல மதினி? பாவம், ஒன் வெள்ளாம பூராவும் போச்சே."

அவள் நிமிர்ந்தாள்.

"ஒன் பாவத்த நீயே வச்சுக்க. அடுத்த மழைக்குள்ள ஒன் கொட்டகை இருந்த பக்கம் செவுத்த எடுத்துவிடு. ஊருத் தண்ணி பூராத்தையும் நான் ஒருத்தியே வாங்கணுமா?"

அவள் கையிலிருந்த கடப்பாரையை அவன் காலடியில் போட்டாள்.