அத்தான் கேட்ட குளிசை

குருக்கள்மடம் என்ற எங்கள் ஊரில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே வளவு. என் கணவர் இறந்து, எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த கிழமையே வளவின் நடுவே தகர வேலி அடித்தவர் அக்காவின் புருஷன். படித்தவர், கோயில் நிர்வாகசபைக்காரர். தன் பயத்துக்குச் சுத்தம் என்று பெயர் வைத்திருந்தார்.

கொரோனா ஊரெல்லாம் பரவியபோது, ஊரடங்கை ஏய்த்துக் கல்யாண வீட்டுக்குப் போய்வந்து முதலில் இருமியவரும் அவர்தான். அவரிடமிருந்து அக்காவுக்கு, அவருக்கு ஒளித்து எனக்குக் கறி கொண்டுவரும் அக்காவிடமிருந்து எனக்கு. அக்காவுக்கு லேசான காய்ச்சல்தான், வீட்டில் விட்டார்கள். என்னையும் அத்தானையும் ஒரே அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

"இவள் திரும்பி வரமாட்டாள்" என்று சாரதியிடம் சொன்னார், எனக்குக் காது கேட்காது என்பதுபோல.

சிகிச்சை நிலையத்தில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எச்.ஐ.வி. மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா அம்மா?"

"ஓம், ஒரு நாளும் விடல்ல."

"அப்ப பயப்படாதீங்க. உங்கட வைரஸ் அடங்கித்தான் இருக்கு. மருந்தை விட்டவங்களுக்குத்தான் கொரோனா கூடுதலா வருத்தும். இஞ்ச இருக்கக்குள்ளயும் குளிசையை நிப்பாட்டாதீங்க."

காய்ச்சல் அடித்தது, கால் உளைந்தது, எழும்பிவிட்டேன். சீனி வருத்தத்தோடு கல்யாணப் பலகாரத்தையும் விடாத அத்தானுக்குத்தான் ஒட்சிசன் வைத்தார்கள். கொஞ்சம் தேறியதும் விறாந்தையில் என்னைக் கண்டு அழுதார்.

"பெத்த மகளே சாப்பாட்டை கேற்றடியில வச்சிட்டு ஓடுறாள் மச்சாள். நாய்க்கு வைக்கிற மாதிரி!"

உலகத்தில் முதன்முதலாக ஒதுக்கப்பட்ட மனிதர் தானே என்று உண்மையிலேயே நம்பினார்.  

வீடு வந்ததும், வளவுக்குள் கொரோனாவைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று கடையடியில் கதை விட்டார். நம்பவும் ஆட்கள் இருந்தார்கள்.

பிறகொரு நாள் அக்கா இல்லாத நேரம் பார்த்து வேலியடிக்கு வந்தார்.

"மச்சாள், நீ போடுற குளிசையில ரெண்டு தாவன்."

"ஏன்?"

"அதாலதானே கொரோனா உன்னை ஒண்டும் செய்யல்ல."

சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது கொரோனாக்கில்ல அத்தான், எச்.ஐ.வி.க்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் உங்கட வாயாலயே கேளுங்க. முதல்ல உங்களுக்கும் எச்.ஐ.வி. இருக்கா எண்டு ரத்தம் எடுப்பாங்க."

"சத்தம் போடாத புள்ள!" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

எனக்குத் திமிர் என்று அக்காவிடம் முறைப்பட்டாராம். அதையாவது பொய்யில்லாமல் சொன்னாரே.