ஆபத்து போதாதவள்

பிரிக்ஃபீல்ட்சில் மூன்று தலைமுறையாக அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கிய குடும்பத்தில், கயிற்றில் தொங்கிப் பிழைப்பவள் வசுந்தரா ஒருத்திதான். வயது நாற்பத்தாறு. சுண்ணாம்புப் பாறையில் கயிறு கட்டி, நகரத்துப் பிள்ளைகளை மேலே ஏற்றி, எலும்பு முறியாமல் கீழே இறக்குவது அவள் தொழில். கல்யாண வீடுகளில் இந்த உண்மையைச் சொல்ல உறவினர்களுக்கு நா எழுவதில்லை. "கல்வித் துறையில இருக்கா" என்று சொல்லிவிட்டு சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அவளை வேலைக்கு வைத்திருப்பது ஷா ஆலமில், குளிர்சாதனம் மிகச் சிறப்பாக இயங்கும் ஓர் அறவாரியம். வழி தவறக்கூடிய இளையோரைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப் போய் ஆளாக்குவது அதன் உயரிய நோக்கம். யார் வழி தவறக்கூடியவர் என்பதைக் கண்டுபிடிக்க இந்த ஆண்டு புதிதாக ஒரு பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், அச்சிட்டிருந்தார்கள். அப்பா குடிப்பவரானால் மூன்று புள்ளி. அப்பாவே இல்லையென்றால் நான்கு. பள்ளிக்கு மட்டம் போட்டால் இரண்டு. போலீஸ் பிடித்திருந்தால் ஐந்து. இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்தவர் முகாமுக்குத் தகுதி பெற்றார். தோற்றவர்கள் மட்டுமே தேறக்கூடிய ஒரு பரீட்சையைக் கண்டுபிடித்த பெருமை அந்த அறவாரியத்துக்கு உண்டு.

அதில் நாஜியா நான்கே புள்ளி எடுத்து ஃபெயிலானாள்.

நாஜியா கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பெண். சென்ற ஆண்டு முதல் முகாமில் அவள் பாறை ஏறியதைப் பார்த்து வசுந்தராவுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இரண்டாம் முகாமை முடித்தால் பயிற்றுநர் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பதினெட்டு வயதானவர்களை முகாமில் சேர்ப்பதில்லை. அவளுக்கு அடுத்த மாதம் பதினெட்டு. இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறாவிட்டால் அவளுக்கு மிச்சம் இருந்தது கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

பாரத்தை நிரப்பியவர் அவள் அம்மா காத்தூன் பீவி. ஆறு வருடங்களுக்கு முன் பினாங்குக்கு பஸ் ஏறிப் போன கணவர் அந்தப் பாரத்தில் இன்னமும் 'வெளியூர் வியாபாரம்' செய்துகொண்டிருந்தார். மூன்று மாதமாகப் பள்ளிப் பக்கமே போகாத மகள் 'ஒழுங்காகப் போகிறாள்'. 'வீட்டில் பிரச்சினைகள்' என்ற கட்டத்தில், 'ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.' கிடைத்த நான்கு புள்ளியும் குறைந்த வருமானத்துக்கு.

அவள் இடத்துக்குத் தேர்வானவன் ஐங்கரன், சுபாங் ஜெயா பல் டாக்டர் ஒருவரின் மகன். பதினேழு புள்ளி. 'பெற்றோரின் கவனிப்பின்மையால் உண்டான தனிமை' என்று ஒரு மனநல நிபுணர் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். கவனிக்காத அந்தப் பெற்றோரே அதை பைண்டு செய்து நேரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது மலையேறிய சான்றிதழ் நன்றாக எடுபடுமாம்.

"பன்னெண்டுக்குக் கீழ போனா சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடும் லா, அக்கா," என்றான் நிகழ்ச்சி மேலாளர் சிவேந்திரன்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லன்னு உனக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும். பாரத்துக்குத் தெரியாதே. அம்மாகிட்ட வேற பாரம் எழுதி வாங்கிட்டு வாங்க. போலீஸ் ரிப்போர்ட் ஒன்னு இருந்தா இன்னும் சூப்பர்."

"இல்லன்னா?"

"சனிக்கிழமைக்குள்ள எதையாச்சும் திருடச் சொல்லுங்க."

சிவேந்திரன் சிரித்தான். வசுந்தரா புதுப் பாரத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் காரை விட்டாள். வழி நெடுக அவளுக்குக் கோபம் காத்தூன் பீவி மேல்தான்.

காத்தூன் பீவி துணிக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நாஜியா அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இதுல உண்மைய எழுதுங்க அக்கா. அப்பதான் பொண்ணு போகமுடியும்."

"உண்மை இந்த பிளாக்குக்கே தெரியும் டீச்சர். லிஃப்ட்ல ஏறுறவன் இறங்குறவனுக்கெல்லாம் தெரியும். அத எழுதி வேற தரணுமா?"

"உங்க கௌரவத்துக்காக அவ கிளவுஸ் ஃபேக்டரிக்குப் போகணுமா?" வசுந்தராவின் குரல் உயர்ந்துவிட்டது.

காத்தூன் பீவி எழுந்து போய் ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். அறவாரியத்தின் சென்ற ஆண்டறிக்கை. பதினோராம் பக்கத்தில் பிரவின் என்ற பையன் தலைக்கவசத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில், 'குடிகாரத் தந்தையின் பிடியிலிருந்து சிகரத்துக்கு.'

"இவன் நாகையா மகன். நாலாவது மாடி. இந்தப் பொஸ்தகம் வந்ததுலேருந்து நாகையா கீழ கடைக்கு எறங்குறதே இல்ல. கீழ வெளயாடுற பசங்க பிரவின 'சிகரம், சிகரம்'னு கூப்புடுறானுங்க. எம் புருஷன் ஓடிப்போனத எழுதிக் கொடுத்தா, எந்தப் பக்கத்துல போடுவீங்க டீச்சர்?"

அந்தப் படத்தை எடுத்தவள் வசுந்தரா. நல்ல வெளிச்சம் என்று அன்று மகிழ்ந்திருந்தாள்.

அடுப்படியிலிருந்து நாஜியா கேட்டாள். "டீச்சர், பாரத்துல ஷூ சைஸ் நான்தான் எழுதுனேன். அதாச்சும் சரியா?"

மறுநாள் காலை வசுந்தரா சிவேந்திரனின் மேசைக்கு முன் போய் நின்றாள்.

"பாரம் எங்க அக்கா?"

"இல்ல. நாஜியாவ லிஸ்ட்ல போடு. போடலன்னா சனிக்கிழமை நான் கயிறு கட்டமாட்டேன்."

கயிறு கட்டும் லைசன்ஸ் அந்த அறவாரியத்தில் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. கயிறு இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லையென்றால், படம் எடுத்துக்கொள்ள வரும் பெரிய மனிதர்களுக்குப் பின்னால் நிற்கப் பிள்ளைகள் இல்லை.

"இது ப்ளாக்மெயில் அக்கா."

"ஆமா. அதுக்கு எத்தன புள்ளி?"

சிவேந்திரன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். "சரி, இவளுக்கு எவ்ளோ போடறது?"

"இருபது போடு. நம்ம கையில மாட்டிக்கிட்டா இல்ல?"

போட்டான். சிஸ்டம் காரணம் கேட்டது. குடி, சிறை, போதைப்பொருள் என்று நீண்ட பட்டியலில் அறவாரியத்தின் பெயர் இல்லாததால் 'மற்றவை' என்பதைத் தட்டினான்.

"போட்டோ எடுக்க அனுமதி இல்லைன்னு போடு. பிரவின் படத்தையும் வெப்சைட்லேருந்து எடு."

"வெப்சைட்லேருந்து எடுத்திடலாம். பொஸ்தகம் ஆயிரம் காப்பி வீடு வீடாப் போயிடுச்சே, அக்கா."

வசுந்தரா கார் சாவியைக் கையில் எடுத்தாள்.

"எந்தெந்த வீடுன்னு லிஸ்ட் எடு," என்றாள்.