கேமிங் லேப்டாப்புக்குப் பொட்டு எங்கே வைப்பது?

புது கேமிங் லேப்டாப் வாங்கியதிலிருந்து ஒரே தொல்லை. கேமில் கடல் வந்தாலே படம் திக்கித் திக்கி நின்றுவிடும்.

இன்று லீவு. காலையிலிருந்து டிரைவர் மென்பொருளை மாற்றினேன், கேமில் வரும் நிழலைக் குறைத்தேன், ரெசல்யூஷனையும் இறக்கினேன். தோசைக்கல் மாதிரி கொதித்ததே தவிர, ஓடவில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது வந்த நண்பன் குமார் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், சூடு வெளிய போற ஓட்டைய இன்னாத்துக்குடா அடைச்சு வெச்சிகீற?"

காய்ந்த சந்தனம்! திருப்போரூர் முருகன் கோயிலில் லேப்டாப்புக்குப் பூஜை போட்டபோது என் மனைவி வைத்த பொட்டு.

"முன்னாடி வெச்சா அழுக்காவும்னு பின்னாடி வெச்சேன்" என்றாள்.

சுரண்டி எடுத்தோம். எல்லா செட்டிங்கையும் உச்சத்துக்கு ஏற்றினேன்.

கடல் வந்தது. ஒவ்வோர் அலையின் முதுகிலும் வெயில் உடைந்து மினுங்கியது. ஈர மணலில் மேகம் தெரிந்தது. மூவரும் திரையருகே குனிந்தோம்.

"மகாபலிபுரத்துல தண்ணியாண்ட நிக்கிறா மாரியே கீதுங்க" என்றாள் மனைவி.

இப்போது கண் பட்டுவிடும் என்று மறுபடியும் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்கிறாள். விவரம் தெரிந்தவர்களே, எங்கே வைக்கச் சொல்லட்டும்?