டிவி முன்னால் நாற்காலி கிடையாது

ஆறரை மணி ஆனால் போதும், வேலுத்தாய் வீட்டில் முதலில் முக்காலி வெளியே போகும். அடுத்து அரிசி டப்பா வைத்திருக்கும் ஸ்டூல். அதற்கடுத்து மகன் பொன்ராஜ் சட்டை கழற்றிப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. வலது முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் ஒவ்வொன்றாக வராந்தாவுக்கு இழுத்துப் போடுவாள். யாரும் உதவிக்கு வரக் கூடாது. அறை காலியானதும் இரண்டு பாய் விரிப்பாள், முந்தானையால் டிவியைத் துடைப்பாள், கதவை அகலத் திறந்து வைப்பாள். ஏலப்பாறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற பத்து வீடுகளில், ஒன்பது மணி வரை சாத்தாத கதவு அது ஒன்றுதான்.

கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, குளித்த ஈரத் தலையோடு ஐந்தாறு பெண்கள் வருவார்கள். அவரவர் வீட்டிலும் டிவி உண்டு, இடுப்பில் போனும் உண்டு. பிறகு ஏன் இங்கே என்று கேட்டால் வேலுத்தாய்க்குக் கோபம் வரும். "ஒத்தையில ஒக்காந்து சீரியலு பாத்தா அந்த மாமியாக்காரிய யாரு வைவா? நாலு பேரு சேந்து வஞ்சாத்தான அவளுக்கு ஒறைக்கும்!"

விளம்பரம் வந்தாலும் அவள் விடுவதில்லை. தேயிலைத் தூள் விளம்பரத்தில் ஒரு பெண் பட்டுச் சேலை கட்டி, சிரித்துக்கொண்டே கொழுந்து கிள்ளுவாள். "சிரிக்கிறா பாரு. கால்ல அட்டை இன்னும் ஏறல போல" என்பாள் வேலுத்தாய். அறையே குலுங்கும்.

அறுபத்து நாலு வயதில் இதெல்லாம் வெறும் வீம்பு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. விஷயம் தெரியாதவர்கள்.

எண்பத்தேழாம் வருஷம் லயத்துக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. வேலுத்தாயின் புருஷன் பாண்டி, இப்போது உயிரோடு இல்லை, அந்த வருஷத்து போனஸில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தான். பெட்டி ஓடியது லாரி பேட்டரியில். வாரம் ஒருமுறை அதை வண்டிப்பெரியார் டவுனுக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். கூரைமேல் ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தமிழ், எதிர்ப்பக்கம் திருப்பினால் மலையாளம், மஞ்சு மூட்டம் இறங்கினால் இரண்டும் இல்லாமல் வெறும் புள்ளி. அந்தப் புள்ளியையும் அறுபது பேர் கொட்டாவி விடாமல் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் தொடங்கும் முன்பு, தோட்டத்து ஆள் ஒருவன் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். சூப்பர்வைசர் படம் பார்க்க வருகிறாராம். நாற்காலி அறை நடுவில் இறங்கியது. நாலு மணியிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒதுங்கிக் கொடுத்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்களுக்குக் கதாநாயகியின் பாதம் மட்டும்தான் தெரிந்தது. யாருக்கும் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. மறுநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தானே.

நடுவில் செய்தி வந்தது. அவர் சிகரெட் பிடிக்க வெளியே போய்த் திரும்பியபோது நாற்காலி வராந்தாவில், ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. வாசலில் இருபத்தாறு வயது வேலுத்தாய் நின்றாள்.

"சார், உள்ள தரையில எடம் கெடக்கு, வந்து ஒக்காருங்க. நாற்காலிதான் வேணும்னா இங்கன போட்டிருக்கேன், ரோட்டப் பாக்கலாம்."

அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் பெரட்டில் பேசினார். தோட்டத்திலேயே செங்குத்தான மேட்டுக்கு அவளை அனுப்பினார். ஒரு வருஷம் முழுக்க, மழையிலும் அங்கேதான். ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு என்று பாண்டி கெஞ்சினான். "தரையில ஒக்காரச் சொன்னது ஒரு குத்தமா? எங்க தரை என்ன சுடுதா?" என்றாள். கேட்கவே இல்லை. இறங்கி ஏறி அந்த மேட்டில் தேய்ந்ததுதான் இந்த வலது முட்டி. அன்றிலிருந்து அவள் வீட்டில் டிவி முன்னால் நாற்காலி கிடையாது. பஞ்சாயத்து மெம்பர் வந்தாலும் பாய்தான்.

போன வாரம் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து மகள் மாரீஸ்வரி வந்தாள். இனிமேல் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னது அவள் காதுக்கு எட்டியிருந்தது. கையோடு மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி வந்து டிவிக்கு நேரே போட்டாள்.

"இதுல ஒக்காந்து பாரு. தரையில ஒக்காந்தேன்னு வையி, காலையில மொத பஸ்ஸுக்கே ஒன்னயத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அண்ணன் ஒனக்குப் பயந்தவன். நான் பயப்பட மாட்டேன்."

"எந்த நாற்காலியால இந்த முட்டி போச்சோ, அதுலயே கொண்டுபோய் இத ஒக்கார வைக்கவா?"

"அம்மா, அந்த ஆளு செத்தே இருவது வருசமாச்சு!"

"ஆளு செத்துட்டான். நாற்காலி சாகலையே."

மாரீஸ்வரி அழுதுவிட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் திருப்பூரில் ஒற்றை அறை, பக்கத்து வீட்டுக்காரி பேர் கூடத் தெரியாது. அங்கே போனால் வேலுத்தாய் எத்தனை நாள் தாங்குவாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் மாரீஸ்வரி அம்மாவின் துணிப்பெட்டியை எடுத்து உள்ளறைக் கட்டிலில் திறந்து வைத்தாள்.

அன்று ஆறரைக்கு முக்காலி வெளியே போனது, ஸ்டூல் போனது, பிளாஸ்டிக் நாற்காலி போனது. மெத்தை நாற்காலி மட்டும் போகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் வந்து, நாற்காலியைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னைக்கு மலையில யாரு ஏச்சு வாங்குனது?" என்றாள் வேலுத்தாய்.

எல்லாரும் கடைசியில் நின்ற சந்தனம் என்கிற சின்னப் பெண்ணைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசமே ஆனவள். மத்தியானம் கொழுந்து நிறுவையில், முற்றின இலை கலந்திருக்கிறது என்று அவள் சாக்கை எல்லார் முன்னாலும் தரையில் கொட்டிவிட்டார் இப்போதைய சூப்பர்வைசர். முழங்காலிட்டு அள்ளியிருக்கிறாள். அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது.

"வா, இதுல ஒக்காரு."

"ஐயோ பெரியம்மா, ஒங்களுக்கு வாங்குனது…"

"ஒக்காருடிங்கறேன். நாளைக்கு எவ ஏச்சு வாங்குறாளோ நாளைக்கு அவளுக்கு."

சந்தனம் நாற்காலி நுனியில் ஒட்டி உட்கார்ந்தாள், உடனே எழப் பார்த்தாள். வேலுத்தாய் அவள் தோளில் கைவைத்து அழுத்தி, முதுகு மெத்தையில் படும்வரை உட்கார வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தானும் பாயில் இறங்கினாள். வலது காலை நேராக நீட்டிக்கொண்டாள். உள்ளறை வாசலில் நின்ற மகளை நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் காலியாக இருந்த தரையை இரண்டு முறை தட்டினாள்.